தேளின் வயிற்றுச் சீப்பு

சீப்பைக் குறிக்கும் ‘பெக்டென்’ என்ற இலத்தீன் சொல்லை விலங்கியலார் தாராளமாகவே வழங்கியிருக்கிறார்கள். விசிறி வடிவச் சிப்பி ஒன்றின் பேரினப் பெயர் அதுதான். பறவையின் கண்ணுக்குள், பார்வை நரம்பு நுழையும் இடத்திலிருந்து எழும் கருநிற மடிப்புக்கும் அதே பெயர். பறவையின் விழித்திரையில் இரத்தக்குழாய்கள் கிடையா. குழாய்கள் செறிந்த இம்மடிப்பே அதற்கு ஊட்டம் அளிக்கிறது. கண் சட்டென்று திரும்புகையில் உண்டாகும் அதிர்வு அந்த ஊட்டத்தை விழித்திரைப் பக்கம் தள்ளுகிறது என்பதை 1990இல் பெட்டிக்ரூ குழுவினர் காட்டினர். மடிப்பு மடிப்பாக இருப்பதால் சிறிய இடத்தில் பெரிய பரப்பு கிடைத்துவிடுகிறது.

இதே சிக்கனத்தைத் தேளிடமும் காணலாம். கொடுக்குக்கு அஞ்சியே பழகிய நாம் அதன் வயிற்றைப் பார்ப்பதில்லை. கடைசிக் கால்களுக்குச் சற்றுப் பின்னே, இருபுறமும் விரிந்த இரண்டு சீப்புகள் அங்கே உண்டு. தேளினம் எதுவாயினும் அவை இருக்கும். வேறெந்த உயிருக்கும் இவ்வுறுப்பு இல்லை. ஒவ்வொரு பல்லின் தரை நோக்கிய முகத்திலும் நுண்முளைகள் நெருங்கி நிற்கின்றன. மொத்தம் ஆயிரக்கணக்கில் வரும். முளை நுனியில் ஒரு பிளவு, உள்ளே பத்துக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள். மண்ணின் வேதிப்பொருளையும் சொரசொரப்பையும் தேள் இவற்றால் அறிகிறது. கண்கள் பல இருந்தும் கூர்மையான பார்வை வாய்க்காத இரவுப் பிராணிக்கு, என் மதிப்பில், கொடுக்கைவிட அரிய உடைமை இதுவே.

வகைப்பாட்டாளருக்கும் இப்பற்கள் உதவுகின்றன. 1798இல் ஃபாப்ரிசியஸ் ‘டாமுலஸ்’ என்று பெயரிட்ட செந்தேளுக்குச் சீப்பொன்றில் முப்பதையொட்டிப் பற்கள். உருவில் பன்மடங்கு பெரிய நட்டுவாக்காலிக்கோ இருபதைத் தாண்டுவது அரிது. போகாக் 1900இலும், டிகாதரும் பஸ்தவாதேயும் 1983இலும் வெளியிட்ட இந்தியத் தேள் நூல்களில் பல் எண்ணிக்கைக்குத் தனி இடம் உண்டு.

ஆணின் சீப்பு பெண்ணுடையதைவிடப் பெரியது. பெண் நடந்த மண்ணில் தங்கிய வேதித் தடத்தை ஆண் அதனால் கண்டுகொள்கிறது. கூடும்போது பெண்ணின் இடுக்கிகளைப் பற்றி, முன்னும் பின்னுமாக அழைத்துச் செல்கிறது. இதை நடனம் என்றே எழுதிவருகிறார்கள்; எனக்கு அது இடம் தேடும் நடையாகவே படுகிறது. விந்துப்பையை ஊன்ற உறுதியான பரப்பு வேண்டும். சீப்பால் தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஏற்ற கல்லோ சுள்ளியோ அகப்பட்ட பிறகே ஆண் நின்று பையை ஊன்றுகிறது. பெண்ணை அதன்மேல் இழுத்து நிறுத்துகிறது.