பழைய டிராக்டர் ஸ்டார்ட் ஆகலையா? சத்தமும் புகையுமே காரணத்தைச் சொல்லிடும்!

தாத்தா காலத்து டிராக்டர் இன்னும் பல வீடுகளின் கொட்டகையில் நிக்குது. சீசனுக்கு நாலு நாள் ஓடும், மத்த நாள்ல அதுமேல கோழி அடையும். மழை பெய்ஞ்சு மண்ணு பதமா இருக்கிற அன்னிக்குப் பார்த்து, சாவியைத் திருப்பினா 'டக்'னு ஒரு சத்தம் மட்டும்தான் வரும். மெக்கானிக் நாளைக்கு வர்றேன்னு சொல்வார். மண்ணோட ஈரம் அவருக்காகக் காத்திருக்காது.

இதில் பாதிப் பிரச்னைகளை நீங்களே கண்டுபிடிக்கலாம். ரெண்டு ஸ்பேனர், ஒரு மல்டிமீட்டர், கொஞ்சம் பொறுமை போதும்.

முதல்ல ஒரு எச்சரிக்கை

சாவி வேலை செய்யலைன்னா, கீழே நின்னுக்கிட்டு செல்ஃப் மோட்டாரோட ரெண்டு முனையையும் ஸ்க்ரூடிரைவரால தொட்டு ஸ்டார்ட் பண்றதை ஊர்ல சர்வசாதாரணமா பார்க்கலாம். தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. நியூட்ரல்ல இருந்தா மட்டும் ஸ்டார்ட் ஆகணும்னு சில டிராக்டர்கள்ல ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் அதையும் தாண்டிடும். வண்டி கியர்ல இருந்தா, எஞ்சின் பிடிச்ச நொடியே நகரும். நீங்க நிக்கிறது பின்சக்கரத்துக்கு நேர் முன்னால. ஒன்றரை, இரண்டு டன் எடை மேல ஏற ஒரு விநாடி போதும். உலகம் முழுக்க டிராக்டர் விபத்துகளுக்கு இது தெரிஞ்ச காரணம்.

அதனால எப்பவும் சீட்ல உட்கார்ந்து, நியூட்ரலுக்கு மாத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்ச்சை மிதிச்ச பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும்.

ஸ்பார்க் பிளக் எங்கே?

பைக் ஓட்டிப் பழகின பலர் முதல்ல தேடுறது ஸ்பார்க் பிளக்கைத்தான். நம்ம ஊர் டிராக்டர்கள் டீசல் எஞ்சின். அதுல பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறத்தாழ 16, 17 மடங்கு சுருக்கும். அந்த அழுத்தத்துல காற்று சுமார் 500 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும். அதில் நாசில் வழியா டீசல் பீய்ச்சினா தானா பத்திக்கும். 1946-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாரிப்பு தொடங்கிய ஃபெர்குசன் டிஇ20 மாதிரி பெட்ரோல் டிராக்டர்கள்லதான் பிளக், காயில் எல்லாம் இருந்துச்சு.

ஆக, டீசல் வண்டி ஸ்டார்ட் ஆக மூணு விஷயம் வேணும்: எஞ்சின் வேகமா சுத்தணும், டீசல் வந்து சேரணும், காற்று நல்லா அழுந்தணும். எது இல்லைன்னு கண்டுபிடிக்கிறதுதான் நம்ம வேலை.

சத்தத்தைக் கேளுங்க

* சத்தமே இல்லை: பேட்டரி முழுசா செத்திருக்கலாம், ஒயர் கழண்டிருக்கலாம், சாவி ஸ்விட்ச் அல்லது நியூட்ரல் ஸ்விட்ச் போயிருக்கலாம்.
* 'டக் டக் டக்'னு தொடர்ந்து வருது: பேட்டரியில சார்ஜ் குறைவு.
* ஒரே ஒரு 'டக்': சொலினாய்டு இழுக்குது, ஆனா மோட்டாருக்குப் போதுமான கரன்ட் போகலை. டெர்மினல், எர்த் கேபிள், செல்ஃப் மோட்டார் மூணையும் சந்தேகப்படுங்க.
* 'விர்ர்'னு மோட்டார் மட்டும் சுத்துது: மோட்டாரோட பல்சக்கரம் எஞ்சின் பல்லோட சேரலை. இது மெக்கானிக் வேலை.
* எஞ்சின் நல்லா சுத்துது, ஆனா பிடிக்கலை: கரன்ட் பக்கம் ஓகே. நேரா டீசல் பக்கம் போங்க.

மீட்டர் இல்லையா? ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்புங்க. லைட் அப்படியே மங்கிப் போனா, பேட்டரியோ கனெக்‌ஷனோ வீக். லைட் கொஞ்சமும் அசையலைன்னா, செல்ஃப் மோட்டாருக்குக் கரன்ட்டே போகலைன்னு அர்த்தம்.

பேட்டரியும் எர்த் கேபிளும்

முழு சார்ஜ்ல இருக்கிற பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனா ஏறக்குறைய காலி. ஸ்டார்ட் பண்ணும்போது 9.6-க்குக் கீழ விழுந்தா, சார்ஜ் போடுங்க. அப்பவும் விழுந்தா பேட்டரி மாத்தற நேரம் வந்தாச்சு.

டெர்மினல்ல வெள்ளை, பச்சைப் பூப்பு இருந்தா, சோடா உப்பு கலந்த வெந்நீர் ஊத்திக் கழுவி, துடைச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க. கழட்டும்போது வண்டி பாடியோட சேர்ற எர்த் கேபிளை முதல்ல கழட்டணும், மாட்டும்போது கடைசியா மாட்டணும். இல்லைன்னா ஸ்பேனர் பாடியில பட்டு தீப்பொறி பறக்கும்.

பலர் மறக்கிறது எர்த் கேபிளோட இன்னொரு முனை. அது பாடியில சேர்ற இடத்துல துருவும் பெயின்டும் சேர்ந்திருக்கும். இதைச் சோதிக்க, மீட்டரோட ஒரு முனையை எர்த் ஆகியிருக்கிற பேட்டரி டெர்மினல்லயும், இன்னொண்ணை எஞ்சின் இரும்புலயும் வெச்சு, ஒருத்தரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா, அந்தக் கேபிள்தான் குற்றவாளி.

ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல செல்ஃப் அடிக்காதீங்க. ஒரு நிமிஷமாவது இடைவெளி விடுங்க. இல்லைன்னா மோட்டார் காயில் எரிஞ்சிடும்.

புகையைப் பாருங்க

எஞ்சின் சுத்தும்போது சைலன்சரைக் கவனிங்க.

* புகையே இல்லை: டீசல் வரலை.
* வெள்ளைப் புகை: டீசல் வருது, பத்தலை. எஞ்சின் மெதுவா சுத்துதா, கம்ப்ரஷன் குறைஞ்சிருக்கான்னு பார்க்கணும்.
* கறுப்புப் புகை: காற்று போதலை. ஏர் ஃபில்டர்ல தூசியோ, குளவிக் கூடோ இருக்கலாம்.

புகை இல்லைன்னா, முதல்ல எளிமையானதைப் பாருங்க. எஞ்சினை நிறுத்த இழுக்கிற ஸ்டாப் கம்பி இழுத்த நிலையிலயே இருக்கா? டேங்க் குழாய் மூடியிருக்கா? டேங்க்ல டீசல் இருக்கா? இதெல்லாம் சரின்னா, அடுத்த சந்தேகம் ஏர் லாக்.

ஏர் லாக் எடுப்பது எப்படி?

டேங்க் வறண்டாலோ, ஃபில்டர் மாத்தினாலோ, பைப் வாஷர் தேய்ஞ்சாலோ லைனுக்குள்ள காற்று புகுந்துடும். காற்று அழுந்துமே தவிர நாசிலைத் திறக்காது.

1. ஃபில்டர் மேல இருக்கிற சின்ன பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்துங்க.
2. ஃபீட் பம்ப்புல இருக்கிற கை லீவரை அடிங்க. நுரையும் குமிழியும் வரும். சுத்தமான டீசல் வந்ததும் ஸ்க்ரூவை இறுக்குங்க.
3. டீசல் பம்ப் மேல இருக்கிற ஸ்க்ரூவுக்கும் இதையே செய்ங்க.
4. நாசிலுக்குப் போற பைப் நட்டுகளை ஒரு சுத்து தளர்த்தி, ஆக்ஸிலரேட்டரை முழுசா வெச்சு செல்ஃப் அடிங்க. டீசல் கசிஞ்சதும் நிறுத்திட்டு நட்டை இறுக்குங்க.
5. இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. முதல்ல தடுமாறும், பிறகு சீராகும்.

கை லீவர் லூசா ஆடுதா? பம்ப் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. எஞ்சினோட கேம் அதை அழுத்தின நிலையில நின்னிருக்கலாம். எஞ்சினை லேசா சுத்தவிட்டுட்டு மறுபடி அடிச்சுப் பாருங்க.

எஞ்சின் ஓடும்போது கசிவை விரலால தேடாதீங்க, ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்க. நாசில் லைன்ல ஓடுற டீசலுக்குத் தோலைத் துளைக்கிற வேகம் இருக்கு. ஊசி குத்தின மாதிரி சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ள சதை அழுக ஆரம்பிச்சிடும். பட்டுட்டா வலி இல்லாட்டியும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

எப்போ மெக்கானிக்கைக் கூப்பிடணும்?

ஏர் லாக் எடுத்தும் வெள்ளைப் புகை நிக்கலைன்னா, நாசில்லயும் கம்ப்ரஷன்லயும் வேலை இருக்கு. டீசல் பம்ப் சீலை மட்டும் நீங்களா பிரிக்காதீங்க. அதை செட் பண்ணத் தனி மெஷின் வேணும். மெக்கானிக்கிட்ட 'ஸ்டார்ட் ஆகலை'ன்னு மட்டும் சொல்லாம, 'நல்லா சுத்துது, புகை வரலை, ஏர் எடுத்தாச்சு'ன்னு சொல்லுங்க. அவர் சரியான பார்ட்ஸோட வருவார்.

சும்மா நிக்கிற மாசங்கள்ல ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட விடுங்க, இல்லைன்னா பேட்டரி எர்த் கேபிளைக் கழட்டி வைங்க. டேங்க்கை நிரப்பி வெச்சா உள்ளே ஈரம் படியாது. ஃபில்டர் கிண்ணத்துல தேங்குற தண்ணியை சீசனுக்கு முன்னால வடிச்சிடுங்க. உழவு நாளுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துட்டா, ரிப்பேர் இருந்தாலும் சரிபண்ண நேரம் இருக்கும்.