குட்டி ஆம்ப்ளிஃபயர் வாங்கலாமா? - ஒரு வாட் வரலாறு

போன மாசம் அக்கா பையன் போன் பண்ணினான்.

"மாமா, தாத்தாவோட ஸ்பீக்கர் ரெண்டும் பரண்ல தானே இருக்கு? ஆன்லைன்ல ஒரு குட்டி ஆம்ப் பாத்தேன். 200 வாட் பிளஸ் 200 வாட். ஆயிரத்தி ஐநூறு ரூபாதான். வாங்கிடவா?"

அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. ரிச்சி தெருவில் சொல்லி அசெம்பிள் பண்ணின எஸ்.டி.கே ஐசி போட்ட ஆம்ப்ளிஃபயர் அவருக்கு முன்னாடியே டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சு போயிடுச்சு. எட்டு ஓம் ஸ்பீக்கர் ரெண்டும் மட்டும் பெட்ஷீட் சுத்தி பரண்ல இருந்தது. ஃபோம் விளிம்பு வச்ச ஸ்பீக்கரா இருந்தா இத்தனை வருஷத்துல பொடிப்பொடியா உதிர்ந்திருக்கும். இது துணி விளிம்பு, தப்பிச்சுது.

"ரெண்டு நாள் பொறுடா, சொல்றேன்"னு வச்சுட்டேன். அந்த ரெண்டு நாள் தேடிப் படிச்சதும், ஏற்கனவே தெரிஞ்சதும் சேர்ந்துதான் இந்தப் பதிவு. கொஞ்சம் பெரிசு, பொறுத்துக்கோங்க :-)

முதல்ல ஒரு கொசுவர்த்தி. நான் முதல் கம்ப்யூட்டர் வாங்கினப்ப கூடவே ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினேன். அட்டைப்பெட்டி மேல பெரிய எழுத்துல 1200 வாட் பி.எம்.பி.ஓ. அப்ப பெருமையா இருந்துச்சு. நம்ம வீட்டு இஸ்திரிப்பெட்டி 750 வாட். அப்படின்னா இந்த ஸ்பீக்கரைச் சட்டை மேல வச்சா தேய்ச்சே முடிச்சிருக்கணும்! ஆனா அதுக்குக் கரண்ட் குடுத்தது உள்ளங்கை அளவு ஒரு அடாப்டர். அது மொத்தமா எடுக்கிறதே பத்து வாட்டுக்குக் கீழ. பத்து வாட் உள்ள போனா 1200 வாட் எப்படிய்யா வெளிய வரும்னு அன்னிக்கு எனக்குக் கேக்கத் தோணல.

இந்த வாட் புளுகு நம்ம ஊர் கண்டுபிடிப்புன்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். இல்லவே இல்லை. அமெரிக்காவுல ஸ்டீரியோ மோகம் பிடிச்ச 1960களிலேயே இந்த விளையாட்டு ஆரம்பிச்சாச்சு. 'மியூசிக் பவர்', 'பீக் பவர்'னு ஆளாளுக்கு ஒரு கணக்கு. கண் சிமிட்டுற நேரம் வர்ற உச்சத்தை அளந்து, ரெண்டு சேனலையும் கூட்டி, பெட்டியில எழுதிடுவாங்க. கடைசியில 1974ல் அங்க இருக்கிற கூட்டரசு வர்த்தக ஆணையம் ஒரு விதி போட்டது. வாட் எழுதினா தொடர்ந்து குடுக்கிற வாட்டைத்தான் எழுதணும், எந்த அலைவரிசைக்குள்ள, எவ்வளவு ஒலித்திரிபோட அப்படிங்கறதையும் சேர்த்துச் சொல்லணும். அம்பது வருஷம் கழிச்சு 2024ல் அதை இன்னும் இறுக்கினாங்க. எட்டு ஓம்ல, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும், திரிபு 1 சதவீதத்தைத் தாண்டாம அளக்கணும்னு. அம்பது வருஷம் கழிச்சும் விதியைத் திருத்த வேண்டியிருக்குன்னா, புளுகு எவ்வளவு கெட்டியான சரக்குன்னு பாத்துக்கோங்க.

சரி, குட்டிப் பெட்டிக்கு வருவோம். பழைய ஆம்ப்ளிஃபயர் ஏன் அவ்வளவு கனம்? ஏன் அவ்வளவு சூடு?

பழைய காலத்து ஃபேன் ரெகுலேட்டர் ஞாபகம் இருக்கா? கறுப்பா, பெரிசா, சுவத்துல தொங்குமே. ஃபேனை மெதுவாச் சுத்தவிட்டா அது சூடாகும். வேண்டாத கரண்டை வெப்பமா எரிச்சுத்தான் அது வேகத்தைக் குறைக்கும். வழக்கமான ஆம்ப்ளிஃபயர்ல டிரான்சிஸ்டரும் கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் செய்யுது. பாதி திறந்த குழாய் மாதிரி நின்னு, மிச்சத்தை வெப்பமா விடுது. அதனால அலுமினியத் தகடு, பெரிய டிரான்ஸ்ஃபார்மர், கனமான பெட்டி.

இதுக்கு மாத்து வழி ரொம்ப எளிமையானது. குழாயைப் பாதி திறக்காதே. முழுசாத் திற, முழுசா மூடு. நொடிக்கு லட்சக்கணக்கான தடவை. எவ்வளவு நேரம் திறந்திருக்கு, எவ்வளவு நேரம் மூடியிருக்கு அப்படிங்கற விகிதத்துல பாட்டை எழுது. கடைசியில ஒரு சுருளும் கெபாசிட்டரும் போட்டு வடிகட்டினா பாட்டு மட்டும் மிஞ்சும். இதுதான் கிளாஸ் டி. டின்னா டிஜிட்டல்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லை. ஏ, பி, சிக்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான்.

ஐடியா 1950கள்லயே இருந்தது. அதைக் கடைக்குக் கொண்டு வந்தவர் இங்கிலாந்துக்காரர் கிளைவ் சின்கிளேர். ஆமா, பின்னாடி 1982ல் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் போட்டாரே, அவரேதான். 1964ல் எக்ஸ்-10னு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் விட்டார். கிட்டாக் கூட வாங்கி நாமே பத்த வச்சுக்கலாம். விளம்பரத்துல 10 வாட். நிஜத்துல வந்தது சுமார் இரண்டரை வாட்! அன்னிய டிரான்சிஸ்டருக்கு அந்த வேகத்துல திறந்து மூடத் தெம்பு இல்லை. போதாக்குறைக்கு அக்கம்பக்கத்து ரேடியோவுல எல்லாம் இரைச்சல் கிளப்பும். ஆக, மலிவான குட்டி ஆம்ப்ளிஃபயரும் பெட்டி மேல எழுதின பொய்யும் ஒரே நாளில் பிறந்த இரட்டைப் பிள்ளைங்க.

ஜப்பான்காரங்க 1970கள்ல விலை உயர்ந்த கிளாஸ் டி செய்து பாத்தாங்க. பெரிசா எடுபடல. கதை திரும்பினது 1995ல். கலிஃபோர்னியாவுல டிரைபாத் டெக்னாலஜின்னு ஒரு கம்பெனி. ஆரம்பிச்சவர் ஆத்யா திரிபாதி, பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துல படிச்சு அங்க போனவர். அவங்க செஞ்சது என்னன்னா, திறந்து மூடுற வேகத்தை ஒரே சீரா வைக்காம, வர்ற சிக்னலுக்குத் தக்கபடி மாத்தினாங்க. வெளிய போற ஒலியைத் திரும்ப எடுத்துப் பாத்துத் தப்பைத் திருத்திக்கிட்டே இருந்தாங்க. அதுக்கு 'கிளாஸ் டி'ன்னு ஒரு பேரும் வச்சாங்க. ஆங்கிலத்துல நாலாவது எழுத்து இல்லை, இருபதாவது எழுத்து. தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாத் தெரியுது, என்ன பண்றது :-) புது வகை ஒண்ணும் இல்லை, வியாபாரப் பேருதான். ஆனா சரக்கு நிஜம். ஆப்பிள் தன்னோட சில கம்ப்யூட்டர்கள்ல இவங்க சிப்பை வச்சுது. 2009ல் ஐ-ட்ரிபிள்-ஈ ஸ்பெக்ட்ரம் பத்திரிகை 'உலகை உலுக்கிய 25 சிப்கள்'னு ஒரு பட்டியல் போட்டப்ப, டிரைபாத்தோட டிஏ2020க்கும் அதுல ஒரு இடம் இருந்தது.

அதோட தம்பி டிஏ2024. இந்தத் தம்பியை வச்சு சோனிக் இம்பாக்ட்ங்கற கம்பெனி டி-ஆம்ப்னு ஒரு பிளாஸ்டிக் டப்பா செஞ்சுது. பார்த்தா பொம்மை மாதிரி இருக்கும். பென்டார்ச் செல் எட்டு போட்டா பாடும். விலை நாப்பது டாலருக்குள்ள. பிக்னிக் போறவங்க வாங்குவாங்கன்னு நினைச்சுப் போட்ட சாமான்.

2005 ஜனவரியில இத்தாலியிலிருந்து வர்ற டிஎன்டி-ஆடியோ இணைய இதழ்ல லூசியோ கடேடு இதைப் பத்தி எழுதினார். இந்தப் பொம்மை பல மடங்கு விலையுள்ள ஆம்ப்ளிஃபயர்களோட நின்னு பேசுதுன்னு. அவ்வளவுதான், ஆடியோ ஆசாமிங்க உலகமே கலங்கிப் போச்சு. லட்ச ரூபாய் செட் வச்சிருந்தவங்களுக்குக் கோவம். இல்லாதவங்களுக்குக் கொண்டாட்டம். குறையும் இருந்தது: கம்பி சொருகுற இடம் மட்டம், பேஸ் ஒல்லி. உள்ள இருக்கிற சின்ன கெபாசிட்டரை எடுத்துட்டு பெரிசு வச்சா பேஸ் சரியாகும்னு உலகம் பூரா சால்டரிங் அயர்னைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினாங்க. அதே சிப்பை உலோகப் பெட்டியில வச்சு ட்ரெண்ட்ஸ் ஆடியோ டிஏ-10 மாதிரி நல்ல பெட்டிகளும் வந்துச்சு.

இவ்வளவு பேர் கொண்டாடியும் டிரைபாத் பிழைக்கல. 2007 பிப்ரவரியில திவால் மனு. அதே வருஷம் சொத்தை சிரஸ் லாஜிக் வாங்கிக்கிச்சு. நல்ல பொருள் செஞ்சவன் எல்லாம் பிழைப்பான்னு எந்தச் சட்டத்துலயும் எழுதல. கம்பெனி போனாலும் டிஏ2020 சிப் மட்டும் சீனாவுலேர்ந்து வந்த லெபாய் 2020ஏ பிளஸ் பெட்டியில வாழ்ந்துச்சு. சுமார் இருபது டாலர், நீல லைட்டோட. அப்புறம் 2010கள்ல டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோட டிபிஏ3116 வந்து அந்த இடத்தைப் பிடிச்சுது. இப்ப ஃபோசி, ஐயிமா பேர்ல விக்கிற பெட்டிகள்ல நிறைய இதுதான், இல்லைன்னா இதோட பெரியண்ணன் டிபிஏ3255.

சரி, 200 + 200 வாட்? வாங்க, எட்டாங்கிளாஸ் கணக்கு போடுவோம்.

பையன் பாத்த பெட்டியோட வர்றது 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர். பெருக்கினா 36 வாட். உள்ள போறதே 36. இதுல 400 வாட் எங்கேர்ந்து வரும்? கிளாஸ் டி ரொம்ப சிக்கனக்காரன், நூத்துக்கு 85, 90 பாகம் வெளிய குடுப்பான். ஆனாலும் மந்திரவாதி இல்லை.

இன்னொரு முட்டுக்கட்டையும் இருக்கு. 12 வோல்ட்ல ஒலி கிழியாம போகக்கூடிய உச்சம் 12 வோல்ட்தான். சராசரிக் கணக்குல எட்டரை வோல்ட். அதை அதாலேயே பெருக்கி எட்டு ஓம்ல வகுத்தா ஒன்பது வாட். அப்பாவோட ஸ்பீக்கருக்குக் கிடைக்கப்போறது சேனலுக்கு ஒன்பது வாட், அதுவும் நல்ல நாள்ல! டிஏ2024 சிப்போட தகவல் தாள்லயே 15 வாட்டுங்கறது நாலு ஓம்ல, 10 சதவீதத் திரிபுலன்னு நேர்மையா எழுதியிருக்கும். பத்து சதவீதம்னா காதுக்கே தெரியும், பாட்டு கிழியும். பெட்டி விக்கிறவன் அந்தப் பின்பாதியை விட்டுடுவான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்ப ஒன்பது வாட் போதுமா? இங்கதான் எனக்கே ஆச்சரியம். போதும். சாதாரண வீட்டு ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்துல 86லேர்ந்து 90 டெசிபெல் வரை குடுக்கும். வாட்டை ரெட்டிப்பாக்கினா 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமாத் தோணணும்னா வாட் பத்து மடங்கு வேணும். நம்ம ஹால்ல சாயங்காலம் பாட்டு கேக்கறதுக்கு ஒரு வாட்டைத் தாண்டறதே அபூர்வம். அதனாலதான் டி-ஆம்ப் ஜெயிச்சுது. அதனாலதான் 1200 வாட் பொய்யும் மாட்டிக்காம ஓடுச்சு. யாருக்கும் நிஜமா 20 வாட் கூடத் தேவைப்படல!

ஆக என் தீர்ப்பு: குட்டிப் பெட்டி வாங்கலாம், தாராளமா. ஸ்டிக்கரை வாங்காதீங்க. வாங்கறதுக்கு முன்னாடி சிலதைப் பாருங்க.

1. உள்ள என்ன சிப்னு சொல்லியிருக்கானா? சொல்லாதவன்கிட்ட வாங்காதீங்க. ஒரே மாதிரி பெட்டிக்குள்ள வேற வேற சிப் வருது.

2. அடாப்டரோட வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்க. அதுதான் மொத்தச் சொத்து. அடாப்டர் மட்டமா இருந்தா இரைச்சல் மட்டுமில்ல, ஆபத்தும் கூட. 24 வோல்ட் வரை தாங்கும்னு பெட்டியில எழுதியிருந்தா, நல்ல 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைப் போடலாம், முனையும் பிளஸ் மைனஸும் பொருந்தினா. எட்டு ஓம்ல சுமார் 22 வாட் வரும். 12 வோல்ட்னு மட்டும் போட்டிருந்தா இந்த வேலையே வேண்டாம்.

3. இந்தச் சிப்கள்ல ஸ்பீக்கரோட மைனஸ் கம்பி கிரவுண்ட் கிடையாது. ரெண்டு ஸ்பீக்கர் மைனஸையும் ஒண்ணாச் சேர்த்தீங்கன்னா சிப் போயிடும். பழைய பழக்கத்துல நிறைய பேர் சுடுறது இங்கதான்.

4. ரொம்பக் குறைச்சு வைக்கும்போது ஒரு பக்கம் மட்டும் பாடினா பயப்படாதீங்க, மலிவு வால்யூம் திருகோட குணம் அது.

5. மிச்சக் காசை ஸ்பீக்கர்ல போடுங்க. காது கேக்கறது அதைத்தான்.

பெரிய கல்யாண மண்டபத்துக்கோ, நாலு ஓமுக்கும் கீழ போற முரட்டு ஸ்பீக்கருக்கோ இது ஆகாது. அங்க பழைய கனமான பெட்டிதான் ராஜா.

பையன்கிட்ட சொன்னேன். "400 வாட்டை விட்டுடு. டிபிஏ3116 போட்டது, சிப் பேரை எழுதியிருக்கிறவன்கிட்ட வாங்கு." ஐநூறு ரூபா கூட ஆச்சு, அதை நான் குடுத்தேன். போன ஞாயித்துக்கிழமை எடுத்துக்கிட்டு வந்தான். ஸ்பீக்கரை இறக்கி, தூசி தட்டி, மைனஸைத் தனித்தனியா மாட்டி, என் பழைய லேப்டாப் அடாப்டரைச் சொருகினோம். ஆம்ப்ளிஃபயர் உள்ளங்கை அளவு, ஸ்பீக்கர் இடுப்பு உயரம். யானைக்கு எலி பாகன் மாதிரி இருந்துச்சு.

திருகைக் கால்வாசி கூட தள்ளல. சமையல்கட்டுலேர்ந்து அம்மா குரல்.

"அதைக் கொஞ்சம் கொறைச்சு வைங்களேன்."

அப்பாகிட்ட சொல்ற அதே 'ங்க'. சொல்லிட்டு அவங்களே ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் கையைத் துடைச்சுக்கிட்டு வந்து, ஊஞ்சல்ல உக்காந்துட்டாங்க.

"பரவால்ல.. இருக்கட்டும்டா"ன்னாங்க.

டிஸ்கி: மேல சொன்ன கம்பெனிக்காரங்க யாரும் எனக்குக் காசு தரல. தர்றதா இருந்தா அடாப்டராவே குடுத்துடுங்க, லேப்டாப்புக்கு இப்ப வேற வாங்கணும் :-)