கொறடா ஆணை

சட்டசபையிலோ பாராளுமன்றத்திலோ ஒரு கட்சியின் அங்கத்தினர் குறித்ததொரு பிரச்சினையில் எவ்வாறு வாக்களிக்க வேண்டும் என்று, சபையில் அக்கட்சியினரின் கட்டுப்பாட்டைக் கவனிக்கும் பொறுப்பாளரான கொறடா விடுக்கும் கட்டளை கொறடா ஆணை எனப்படும். இது பிரிட்டிஷ் பாராளுமன்ற சம்பிரதாயத்திலிருந்து வந்தது. அங்கே வாராந்தரச் சுற்றறிக்கையில் ஒரு விஷயத்தின் கீழ் மூன்று கோடுகள் இடப்பட்டிருப்பின், அங்கத்தினர் தவறாது சபைக்கு வந்து கட்சியின் பக்கமே வாக்களித்தாக வேண்டும்.

பிரதிநிதியின் சுயேச்சையோடு மோதுவது கட்சியின் ஆணை மட்டுமன்று; தொகுதி மக்களின் விருப்பத்துக்கும் அச்சுயேச்சைக்கும் இடையே எழும் தர்க்கமும் பழமையானது. 1774இல் பிரிஸ்டல் நகரின் பிரதிநிதியான எட்மண்ட் பர்க், வாக்காளரின் அபிப்பிராயம் பெருமதிப்புக்குரியதெனினும் அதன் பொருட்டுத் தம் விவேகத்தைப் பலியிடுவதற்கில்லை என்று அறிவித்து, பின்னர் அந்நகர வணிகர்களின் விருப்பத்துக்கு மாறாக அயர்லாந்தின் வர்த்தகச் சலுகைகளை ஆதரித்தமையால் செல்வாக்கிழந்து, 1780 தேர்தலில் போட்டியிலிருந்து விலகினார்.

இந்தியாவில் 1967க்குப் பின் பெருகிய கட்சித் தாவலைத் தடுக்கும் பொருட்டு, 1985இல் 52ஆம் திருத்தத்தின் வாயிலாக அரசியல் சாசனத்தில் பத்தாம் அட்டவணை சேர்க்கப்பட்டு, முன் அனுமதியின்றி ஆணையை மீறி வாக்களிப்போரும் வாக்களியாதிருப்போரும், கட்சி 15 நாட்களுக்குள் அதனை மன்னித்தாலன்றிப் பதவியிழக்க நேரும் என விதிக்கப்பட்டது. 1992இல் இதன் பிரதான விதிகளைச் செல்லுபடியாகும் என ஏற்ற சுப்ரீம் கோர்ட்டு, தகுதியிழப்புக்குரிய ஆணைகள் நம்பிக்கை வாக்கெடுப்பு, கட்சியின் ஆதாரக் கொள்கை ஆகியவை பற்றியனவாக மட்டுமே இருத்தல் வேண்டும் எனக் கருத்துரைத்தது. இரகசிய வாக்கெடுப்பான ஜனாதிபதி தேர்தலுக்குக் கொறடா ஆணை பொருந்தாது.