சப்பை நோயின் வாடை: ஓசூர் வட்டார மாடுகளின் கதை

மூக்கால் அறியப்பட்ட மாட்டு நோய்களுள் சப்பை நோய் தனித்து நிற்கிறது. நன்றாக மேய்ந்து கொழுத்த இளம் மாட்டையே பெரும்பாலும் இது பிடிக்கும். மாடு திடீரென நொண்டும். தொடைச் சதை வீங்கும். அழுத்தினால் உள்ளே நறநறவென்று ஓசை கேட்கும். ஓரிரு நாளில் மாடு செத்துவிடும். செத்த மாட்டின் தொடையை அறுத்தால் கறுத்த சதையிலிருந்து காறிப்போன வெண்ணெயின் வாடை எழும். கிளாஸ்டிரிடியம் சோவியை என்னும் பாக்டீரியா சதையைச் சிதைக்கும்போது வாயுவையும் பியூட்டிரிக் அமிலத்தையும் உண்டாக்குகிறது. வெண்ணெய் காறும்போது வெளிப்படுவதும் அதே அமிலம்தான். அந்த வாடையை நெருங்கி அறிந்தவர்கள் செத்த மாட்டைத் தோலுரித்த தொழிலாளர்களாகவே இருந்திருப்பார்கள். அவர்களது அறிவு போதிய அளவு எழுதி வைக்கப்படாதது பெரிய இழப்பு.

இந்நோய்க் கிருமியின் நுண்வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மழைக்காலத்தில் மேய்ச்சலோடு வயிற்றுக்குள் போகும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளின் ஹள்ளிகார் மாடுகளும், காவிரிக்கரைக் காடுகளில் பட்டி போட்டு வளர்க்கப்பட்ட ஆலம்பாடி மாடுகளும் மேய்ச்சலை நம்பியே வாழ்ந்தவை. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் 1824-இல் படைக் குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்ட பண்ணை, இருபதாம் நூற்றாண்டில் 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட அரசு கால்நடைப் பண்ணையாக மாறியது. ஏறத்தாழ 3,000 அடி உயரமும் குளிர்ந்த காற்றும் வெளிநாட்டு இனங்களுக்கும் ஏற்றவையாக இருந்தன.

1889-இல் புனேயில் தொடங்கி 1893-இல் முக்தேசருக்கு இடம்பெயர்ந்த நுண்ணுயிர் ஆய்வகம் இந்தியாவில் கால்நடை நோய் ஆராய்ச்சிக்கு அடித்தளமிட்டது. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் வந்தது. 1932-இல் ராணிப்பேட்டையில் தொடங்கிய நிலையம் பின்னாளில் சப்பை நோய்க்கும் அடைப்பானுக்கும் தடுப்பூசி தயாரித்துத் தந்தது. மழைக்கு முன் ஊசி போடும் வழக்கம் ஊர்களில் வேரூன்றியது. வாடையை வைத்து நோயை அறிந்தபோது மாடு கைவிட்டுப் போயிருந்தது. ஊசியோ மாட்டையே காத்தது. இந்த வரலாற்றில் மிகப் பெரிய மாற்றம் இதுதான்.

1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்தபோது பாலின் தேவையும் ஏறியது. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பின மாடுகள் கொட்டகைக்கு வந்தன; அவற்றோடு மடிநோய் பெருங்கவலையானது. மடிநோயின் தொடக்கத்தில் பால் பார்வைக்கு மாறுவதில்லை, மனித மூக்குக்கும் எதுவும் புலப்படுவதில்லை. 1957-இல் அமெரிக்காவில் வெளிவந்த கலிபோர்னியா சோதனையில், சோப்புக் கரைசலோடு கலந்த பால் கூழாக இறுகினால் மடியில் அழற்சி உண்டு என்று தெரியும். எந்தக் கிருமி என்பதை அது சொல்லாது. கிருமியை வளர்த்துப் பார்க்க ஒன்றிரண்டு நாள் வேண்டும். அதற்குள் ஏதோ ஒரு மருந்தை ஊகத்தில் போட்டாக வேண்டியிருக்கிறது.

காற்றில் கலக்கும் வேதிப்பொருட்களை அளக்கும் ஆராய்ச்சி இந்த இடைவெளியில்தான் பொருள் பெறுகிறது. லினஸ் பாலிங் 1971-இல் மனித மூச்சில் சுமார் 250 பொருட்களைப் பிரித்துக் காட்டினார். 1982-இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ண பெர்சாடும் ஜார்ஜ் டாடும் மின்னணு மூக்கின் முதல் மாதிரியை விவரித்தனர். அதன் உணரிகள் ஒவ்வொன்றும் பல வாடைகளுக்கு வெவ்வேறு அளவில் இசைந்தன. அவற்றின் விடைகளைச் சேர்த்துப் பார்த்தே வாடை இனங்காணப்பட்டது. 2008-இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் மடிநோய்ப் பாலின் ஆவியைப் பிரித்தாய்ந்து, ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்டிரெப்டோகாக்கஸ், ஈ. கோலி ஆகியவை வெவ்வேறு வேதிச் சுவடுகளை விடுவதைக் கண்டனர். 2012-இல் காசநோய் கண்ட மாடுகளின் மூச்சிலும் அப்படிப்பட்ட வேறுபாடுகள் பதிவாயின.

பாலின் ஆவியை ஆய்வதில் ஒரு சிக்கல் உண்டு: பால் சுற்றுப்புற வாடையை எளிதில் ஈர்த்துக்கொள்ளும். சாணம், தீவனம், கொட்டகைப் புகை எல்லாம் அதில் கலந்துவிடும். அதனால் கறந்தவுடன் பாலை மூடிய குப்பியில் எடுத்து, அதன் மேல் தங்கும் ஆவியை மட்டும் ஆய்வகத்தில் சோதிக்கிறார்கள். கருவி தரும் முடிவைக் கிருமி வளர்ப்புச் சோதனையோடு ஒப்பிட்ட பிறகே ஏற்கிறார்கள்.