மைக்ரோஃபைபர் துண்டு, கார் துடைப்பதற்கானது

காரின் பெயின்ட்டைக் கீறாமல் துடைக்க உதவும் செயற்கை இழைத் துணி. பாலியெஸ்டரும் பாலிஅமைடும் பெரும்பாலும் 80:20 அல்லது 70:30 விகிதத்தில் கலந்தது. இழை 1 டெனியரைவிட (இழையின் நுண்மையை அளக்கும் அலகு) மெல்லியது. பிளவுபட்ட இழைகளின் இடுக்குகளே நீரையும் தூசியையும் பிடிக்கின்றன. பராமரிப்பு என்பது அந்த இடுக்குகளைக் காப்பதுதான். துணியை மென்மையாக்கும் திரவம் இழைமேல் படலமாகப் படிந்து நீர் உறிஞ்சுவதைக் குறைக்கும். அதை அறவே தவிர்க்க வேண்டும். பருத்தித் துணியோடு துவைத்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீர், திரவ சோப்பு, நிழலில் காயவைத்தல் போதும். கடுஞ்சூடு பட்டால் இழை உருகி விறைத்து, அதுவே பெயின்ட்டைக் கீறும். சக்கரம் துடைத்த துண்டில் பிரேக் தூள் தங்கிவிடுவதால், எத்தனை முறை அலசினாலும் அதை பெயின்ட்டின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. தரையில் விழுந்த துண்டைத் துவைத்த பிறகே மீண்டும் எடுக்கலாம்.