காது இல்லாமல் போன படை

2003 மார்ச். அமெரிக்கா ஈராக் மீது படையெடுத்த சமயம். அந்த நாட்டு மக்களிடம் காலப் நிறுவனம் கருத்துக்கணிப்பு எடுத்தது. 100க்கு 72 பேர் போரை ஆதரித்தார்கள்.

சரி, போகிற படையில் அரபி தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அதை யாரும் மக்களுக்குச் சொல்லவில்லை. மக்களும் கேட்கவில்லை.

ஆனா பதில் ரகசியம் இல்லீங்க. அந்நாட்டு நாடாளுமன்றத் தணிக்கை அமைப்பு 2002 ஜனவரியிலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. தரைப்படையில் அரபி மொழிபெயர்ப்பாளர் பணியிடங்கள் 84. ஆள் இருந்தது 42 இடத்தில். பாதி காலி!

இதன் விலை ஏற்கெனவே தெரிந்ததுதான். 2001 செப்டம்பர் 10 அன்று ஒட்டுக்கேட்ட இரண்டு அரபிப் பேச்சுகள், மறுநாள் ஏதோ நடக்கப்போவதைக் குறிப்பால் சொன்னவை, மொழிபெயர்க்கப்பட்டது 12ஆம் தேதி. நடுவில் இருந்த நாள் எதுன்னு உங்களுக்கே தெரியும்.

அப்புறமாவது இருக்கிற ஆளைப் பொத்திப் பொத்தி வச்சிருக்கணும் இல்லையா? நடந்தது வேறு. 2002இல் மான்டரே நகர ராணுவ மொழிப் பள்ளியிலிருந்து அரபி படித்த 6 பேர் உட்பட 9 பேரை வெளியே அனுப்பினார்கள். காரணம், அவர்கள் தன்பாலின ஈர்ப்பாளர்கள். 1994 முதல் 2003 வரை இதே காரணத்துக்காக நீக்கப்பட்டவர்களில் அரபி தெரிந்தவர்கள் மட்டும் 54 பேர். இந்தத் தடை நீங்கியது 2011இல்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளியில் சொல்லிக்கொடுத்தது ஏட்டு அரபி. பாக்தாத் தெருவில் பேசுவது வேறு. செந்தமிழ் மட்டும் படித்த வெளிநாட்டுக்காரர் திருநெல்வேலி சந்தையில் போய் நின்ற கதைதான்.

2006 டிசம்பரில் வந்த ஈராக் ஆய்வுக்குழு அறிக்கையைப் பாருங்க. பாக்தாத் அமெரிக்கத் தூதரகத்தில் 1000 பேர். அரபி தெரிந்தவர்கள் 33. சரளமாகப் பேசக்கூடியவர்கள் 6. போர் தொடங்கி மூன்றரை வருஷம் கழித்து இந்த நிலைமை!

களத்தில் இதற்கு என்ன அர்த்தம்? நடுராத்திரி கதவை உடைத்து உள்ளே போகும் சிப்பாய்க்கு, அந்த வீட்டு அம்மா அழுதுகொண்டே சொல்வது புரியாது. சோதனைச் சாவடியில் "நில்" என்று கத்தினால் வண்டி ஓட்டுபவருக்குப் புரியாது. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் உள்ளூர் ஈராக்கியர்கள். பலர் முகத்தை மூடிக்கொண்டு மொழிபெயர்த்தார்கள். அடையாளம் தெரிந்ததால் கொல்லப்பட்டவர்கள் பலர்.

மருத்துவத்தில் ஒரு விதி உண்டு. அறுவை சிகிச்சைக்கு முன் கையெழுத்து வாங்கினால் மட்டும் போதாது. என்ன செய்யப்போகிறோம், என்ன ஆபத்து என்று விளக்கியிருக்கணும். விளக்காமல் வாங்கியது வெறும் மை, சம்மதம் ஆகாது.

அந்த 72 சதவீதமும் அப்படித்தான். 2008இல் பியூ நிறுவனம் கேட்டபோது பாதிக்கும் மேற்பட்டோர் "போர் தவறான முடிவு" என்றார்கள். ஆனால் அந்தப் போரில் லட்சத்துக்கும் அதிகமான ஈராக்கிய மக்களும் கிட்டத்தட்ட 4500 அமெரிக்க வீரர்களும் இறந்துபோனார்கள். கருத்தை மாத்திக்கலாம். போன உயிர் வராது.

எந்த நாட்டில் போர் முரசு கேட்டாலும் முதலில் இதைக் கேளுங்க: "அங்கே இருப்பவர் பேசுவது நம்மில் எத்தனை பேருக்குப் புரியும்?"