1967ன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்?

நம்ம ஆளுங்கள்ல பத்துல ஒம்பது பேர் "அண்ணா முதலமைச்சர் ஆன வருஷம்"னு சொல்வாங்க. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். இப்போ நாலு வருஷமா 1967ன்னா எனக்கு வேற ஒண்ணு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணி, பெங்களூர் மாரத்தஹள்ளியில நாலாவது மாடி ஃபிளாட், காதுல ஹெட்ஃபோன், கையில ஸ்டியரிங். "தூங்குற பிள்ளைங்கள எழுப்பிடாதீங்க"ன்னு தங்கமணி கதவைச் சாத்திட்டுப் போவாங்க. நான் பச்சைக் கலர் லோட்டஸ் 49 வண்டியில உக்காந்து கொடி விழறதுக்காகக் காத்துக்கிட்டு இருப்பேன்.

வேற ஒண்ணும் இல்லைங்க, கம்ப்யூட்டர்ல கார் ரேஸ் ஓட்டுற ஒரு லீக்ல நானும் ஒருத்தன். வீடியோ கேம்னு சொன்னா எங்க ஆளுங்களுக்குக் கோபம் வரும், சிமுலேட்டர்னு சொல்லணும் :-) மேஜையில இறுக்கி மாட்டின ஸ்டியரிங், கீழ மூணு பெடல், பக்கத்துல கியர் லிவர். வண்டி எடை எந்தப் பக்கம் சாயுது, டயர் எவ்வளவு பிடிக்குதுன்னு நொடிக்குப் பல தடவை கணக்குப் போட்டு, அதைக் கைக்கு உணர்த்தும். சர்வர் ஐரோப்பாவுல. அவங்களுக்கு சாயங்காலம் எட்டு மணின்னா கோடைக் காலத்துல நமக்குப் பதினொன்றரை, குளிர் காலத்துல பன்னிரண்டரை. நம்ம வண்டி எங்க இருக்குங்கற தகவல் அங்க போய்ச் சேரவே கொஞ்ச நேரம் ஆகும். அதுவரைக்கும் அடுத்தவன் வண்டி எங்க இருக்கும்னு கம்ப்யூட்டர் ஊகிச்சுத்தான் காட்டும். அதனால ரொம்ப உரசி ஓட்டக் கூடாது. இடிக்காமலேயே இடிச்ச கணக்கு ஆயிடும்!

சரி, அது என்ன 1967? இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. 1998ல அமெரிக்காவுல பேப்பிரஸ்னு ஒரு கம்பெனி 'கிராண்ட் பிரிக்ஸ் லெஜண்ட்ஸ்'னு ஒரு சிமுலேட்டரை வெளியிட்டாங்க. டேவிட் கெமர்ங்கிறவர் அதோட மூளை. அந்த வருஷத்துப் புதுக் கார்களை விட்டுட்டு, 31 வருஷம் பின்னாடி போய் 1967 ஃபார்முலா ஒன் பந்தயங்களை எடுத்துக்கிட்டார். வாங்கினவங்கள்ல பாதிப் பேர் முதல் வளைவிலேயே சுத்தி விழுந்தாங்க. பெரிசா விற்கல. ஆனா பிடிச்சவங்க விடல. கால் நூற்றாண்டு தாண்டியும் அதுக்குப் புதுப் பாதைகள் செஞ்சுக்கிட்டே இருக்காங்க. அதே கெமர் பிறகு கூட்டாளியோட சேர்ந்து ஆரம்பிச்ச ஐரேசிங் 2008ல வந்தது. இத்தாலிக்காரங்க செஞ்ச அசெட்டோ கோர்ஸா 2014ல வந்தது. ரெண்டுலயும் லோட்டஸ் 49 உண்டு.

அந்த வருஷத்துக் கார்கள் அப்படி. 3 லிட்டர் எஞ்சின் விதி 1966ல வந்தது. காரைத் தரையோட அழுத்திப் பிடிக்கிற இறக்கைகள் 1968லதான் வந்தது. நடுவுல மாட்டினது 1967: சக்தி ஏகப்பட்டது, பிடிமானம் கொஞ்சம். லோட்டஸ் 49ல ஃபோர்டு பணத்துல காஸ்வொர்த் செஞ்ச வி8 எஞ்சின், சுமார் 400 குதிரைசக்தி. வண்டி எடை சுமார் 500 கிலோ. நம்ம மாருதி 800ஐ விட எடை கம்மி, சக்தி பத்து மடங்குன்னு வெச்சுக்குங்க. 1967 ஜூன் 4, ஹாலந்துல ஸாண்ட்வோர்ட், அந்த வண்டிக்கு முதல் பந்தயம். ஜிம் கிளார்க் ஜெயிச்சுட்டார். அந்த வருஷம் மட்டும் நாலு பந்தயம் ஜெயிச்சார்.

ஆனா சாம்பியன் அவர் இல்லைங்க! ரெண்டே ரெண்டு பந்தயம் ஜெயிச்ச டென்னி ஹூம், பிரபாம் கார்ல. ஹூம் 51 புள்ளி, கிளார்க் 41. லோட்டஸ் வேகமாப் போய் வழியில நின்னுச்சு. பிரபாம் கொஞ்சம் மெதுவாப் போனாலும் வீடு வந்து சேர்ந்துச்சு. ஹூமுக்கு அடுத்து ரெண்டாவதா வந்தவர் ஜாக் பிரபாம். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே, ஸ்பேனர் பிடிக்கவும் தெரிஞ்சவர்.

இதை எனக்குப் புரிய வெச்சது எங்க அப்பா. (கொசுவர்த்திச் சுருளைச் சுத்திக்குங்க.)

அப்பா 1971ல திருநெல்வேலியில இருந்து மெட்ராஸ் போய் ஒரு ஒர்க்‌ஷாப்ல மெக்கானிக்கா சேர்ந்தவர். அம்பாசடர், ஃபியட், ஹெரால்டுன்னு பதினெட்டு வருஷம் எண்ணெய்க் கையோட இருந்துட்டு ஊருக்குத் திரும்பிட்டார். போன வருஷம் கண் ஆபரேஷனுக்காக எங்க வீட்டுல ரெண்டு மாசம் தங்கினார். ஒரு ஞாயித்துக்கிழமை தூக்கம் வராம என் ரூமுக்கு வந்தார். கண்ணுல கட்டு, திரை தெரியாது. நான் ஹெட்ஃபோனைக் கழட்டி ஸ்பீக்கர்ல போட்டேன். மூணு சுத்து பேசாம கேட்டார்.

"ஏல, கியரை ஏன் இந்தப் பாடு படுத்துத? எஞ்சின் கத்துது பாரு. கொஞ்சம் விட்டுப் பிடி."

விட்டுப் பிடிச்சேன். அன்னைக்குத்தான் அந்த சீசன்ல முதல் முறையா எஞ்சின் வெடிக்காம பந்தயத்தை முடிச்சேன். பதினோராவது இடம்!

"இந்தச் சத்தம் நான் கேட்டிருக்கேன்ல"ன்னார். "எங்கப்பா?"ன்னு கேட்டேன். "சோழவரத்துல."

இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல.

சோழவரம் தெரியாதவங்களுக்கு: மெட்ராஸ்ல இருந்து கல்கத்தா ரோட்டுல செங்குன்றம் தாண்டினா வர்ற ஊர். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுபாதை அங்க இருந்தது. 1953ல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பிச்சாங்க. அந்த ஓடுபாதையிலதான் எண்பதுகள் முடியிற வரைக்கும் நம்மூர் கார், பைக் பந்தயம். இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலம். கோண்டல் மகாராஜா மாதிரி வசதியானவங்க வெளிநாட்டு ரேஸ் கார் கொண்டு வருவாங்க. எங்க பெங்களூர் விஜய் மல்லையா எண்பதுகளின் தொடக்கத்துல என்சைன்கிற ஃபார்முலா ஒன் காரையே அங்க ஓட்டினார். அதே மனுஷன் 2008ல ஃபோர்ஸ் இந்தியான்னு ஃபார்முலா ஒன் அணியே நடத்தினார். 2018ல அது கைமாறிப் போச்சு. மத்தவங்க எல்லாம் ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரிச்சு, இரும்பைச் செதுக்கி எடை குறைச்சு, கிடைச்சதை வெச்சு ஓட்டினாங்க. அப்பா மாதிரி ஆளுங்க வேலை அதுதான். பேப்பர்ல பேர் வராது.

கிடைச்சதை வெச்சு செய்றதுல உச்சம் கோயமுத்தூர் கரிவரதன். ஆலை அதிபர் குடும்பத்துக்காரர். மாருதி 800 எஞ்சினை எடுத்து, ஒருத்தர் மட்டும் உக்கார்ற ரேஸ் காரா செஞ்சார். எண்பதுகளின் கடைசியில வந்த அந்த ஃபார்முலா மாருதியாலதான் மகாராஜா இல்லாத பசங்களும் ரேஸ் காருக்குள்ள உக்கார முடிஞ்சது. 1990ல பந்தயம் இருங்காட்டுக்கோட்டை புதுப் பாதைக்குப் போச்சு. அங்க ஃபார்முலா மாருதியில ஆரம்பிச்ச கோயமுத்தூர் பையன்தான் நரேன் கார்த்திகேயன். கரிவரதன் 1995ல விமான விபத்துல போயிட்டார். நரேன் 2005 மார்ச்ல மெல்போர்ன்ல ஓட்டினதை அவர் பார்க்கல. அந்த வருஷம்தான் நான் பெங்களூர் வந்தேன். பிஜி ஹால்ல இருந்த ஒரே டிவியில, கிரிக்கெட் பார்க்க வந்தவங்களோட சண்டை போட்டு அந்தப் பந்தயத்தைப் பார்த்தேன்.

இப்போ என் மனசுல உறுத்துற விஷயத்துக்கு வர்றேன். பெல்ஜியத்துல ஸ்பா பாதை 1967ல 14.1 கிலோமீட்டர். 1979ல அதைப் பாதியாக் குறைச்சுட்டாங்க. பிரான்ஸ்ல ரூவான் பாதையோட பழைய கட்டடங்களை 1999ல இடிச்சுட்டாங்க. ஆனா ரெண்டையும் நான் ஞாயித்துக்கிழமை மாரத்தஹள்ளியில இருந்தபடியே ஓட்டுறேன். காரணம், அவங்க வரைபடம், போட்டோ, சினிமாச் சுருள், ஒவ்வொரு சுத்துக்கும் எடுத்த நேரம்னு எல்லாத்தையும் எடுத்து வெச்சிருந்தாங்க. என் பட்டியல்ல ஸ்பா இருக்கு, ரூவான் இருக்கு. சோழவரம் இல்ல.

"அப்பா, அந்தப் பாதையை வரைவோமா?"ன்னு கேட்டேன். சாட்டிலைட் படத்தை வெச்சு நான் கோடு போட்டேன். அப்பா கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வார். "இங்க காங்கிரீட் பலகை சேர்ற இடம். வண்டி தக்கு தக்குன்னு குதிக்கும்." "இங்க வைக்கோல் கட்டு அடுக்கியிருக்கும். நாங்க அதுக்குப் பின்னாடி நிப்போம்." "இங்க வந்ததும் சத்தம் அமுங்கும், பிரேக் பிடிக்கிற இடம்." அவருக்குப் பாதை கண்ணுல இல்ல, காதுலதான் இருக்கு. தூரத்தை மீட்டர்ல சொல்லத் தெரியல. "ஒரு வெத்தலை மடிக்கிற நேரம்"னார். அதை எப்படி கம்ப்யூட்டருக்குச் சொல்றது? வெத்தலை வாங்கிக் கொடுத்து ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பார்த்தேன். 14 செகண்ட் :-)

முழுசா சரியா இருக்கும்னு சொல்ல மாட்டேன். அரைகுறையா ஒரு பாதை வந்திருக்கு. மைதானம், வெயில், ஓரத்துல வைக்கோல் கட்டு, அவ்வளவுதான். லீக் நண்பர்கள் ஆறு பேர் போன மாசம் அதுல ஓட்டிப் பார்த்தாங்க. "இது எந்த நாடு?"ன்னு போலந்துக்காரர் கேட்டார். பாதி ரேஸ்ல எங்க ஏரியாவுல கரண்ட் போச்சு. அதனால சொந்த ஊர்ப் பந்தயத்தையே நான் முடிக்கல!

கண் சரியாகி அப்பா ஊருக்குப் போயிட்டார். ஞாயித்துக்கிழமை ராத்திரி தூங்காம இருந்தா ஃபோன் பண்ணுவார். ஸ்பீக்கர் பக்கத்துல ஃபோனை வெச்சுட்டு நான் ஓட்டுவேன். இப்போ நான் லோட்டஸை விட்டுட்டு பிரபாம் ஓட்டுறேன். ஆறாவது, ஏழாவதா வீடு வந்து சேர்றேன்.

உங்க வீட்டுலயும் மெட்ராஸ்ல இருந்த அப்பா, சித்தப்பா, மாமா யாராச்சும் இருப்பாங்க. அடுத்த தடவை ஊருக்கு ஃபோன் பண்ணும்போது 'சாப்டாச்சா, மழை உண்டா'வுக்கு அப்புறம் "சோழவரம் போயிருக்கீங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. அந்த ரெண்டாவது வளைவு எந்தப் பக்கம் திரும்பும்கிறதுல எனக்கும் அப்பாவுக்கும் இன்னும் சண்டை தீரல.